நான்கு அடி அகல நடை

என் மகன் ரொனி மெல்பேர்னில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ அழைப்பு எடுப்பான். நாங்கள் பூசை முடிந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் திரும்பி, என் மனைவி டோரின் அடுப்பைப் பற்றவைக்கும் நேரமாக இருக்கும். ஒரு ஞாயிறு, விற்பனைக்கு வந்த வீடொன்றுக்குள் நின்றபடி எடுத்தான். செங்கல் வீடு, முப்பது வருடப் பழசு, பின்னால் ஓர் எலுமிச்சை மரம். ரயில் ஸ்டேஷனுக்குப் பத்து நிமிடம் நடந்தால் போதும். மருமகள் றேணுகா ஒரு காயைப் பறித்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடம் வாடகை வீடுகளில் இருந்து அலுத்தவள். அந்த வீடு அவளுக்குப் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

ரொனிக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. நகரத்துக்கு வெளியே, காரில் ஒரு மணித்தியாலம் போனால், புதிதாகப் பிரித்து விற்கும் காணிகள். அங்கே கட்டினால் எங்கள் இருவருக்கும் ஓர் அறை வைக்கலாம். வாங்குவதா கட்டுவதா என்று அவர்களுக்குள் இரண்டு மாதமாக இழுபறி.

"டடி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொல்றதைச் செய்வம்" என்றான்.

நான் சமையலறையைக் கேட்கவில்லை, கூரையைக் கேட்கவில்லை. படுக்கையறையில் இருந்து வாசலுக்கு வரும் நடையைக் காட்டச் சொன்னேன். ஒடுங்கிய நடை. பாதியில் வலப்பக்கம் திரும்பியது. அளக்கச் சொன்னேன். முப்பத்துநான்கு அங்குலம். டோரின் அடுப்படிக்குப் போனதும் ரொனி கைபேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து சிரித்தான்.

"வீடு பாக்கச் சொன்னா பெட்டி பாக்கிறீங்க, என்ன?"

அவனுக்கு மட்டும்தான் அது விளங்கும். எங்கள் வீடு ஜிந்துப்பிட்டிப் பக்கமாகப் போகும் ஒழுங்கையில் இருக்கிறது. முன்னறை, பிறகு ஒரு நடை, நடை திரும்பும் இடத்தில் படிக்கட்டு, அதற்கும் பின்னால் படுக்கையறை. இருபது வருடத்துக்கு முன் என் அண்ணன் அந்த அறையில்தான் இறந்தார். அங்கேயே கிடத்திச் செபமாலை சொன்னோம். அடக்க நாளில் சவப்பெட்டியை மூடித் தூக்கி வந்தபோது திருப்பத்தில் அது திரும்பவில்லை. இப்படியும் அப்படியும் பார்த்தோம். கடைசியில் நிமிர்த்தித்தான் எடுக்க வேண்டும் என்றார் பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர். தலைமாட்டில் ரொனி, அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. கால்மாட்டில் நான். நிமிர்த்தியபோது அண்ணன் உள்ளே சரிந்து இறங்கினார். அந்தச் சத்தத்தை நாங்கள் இருவரும்தான் கேட்டோம். முன்னறையில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அதன்பின் எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் நடையைத்தான் அளக்கும்.

"இங்க பெட்டி வீட்டுக்கே வாறதில்ல டடி. ஆஸ்பத்திரியில இருந்து நேர பாலருக்கு, நம்மட மலர்ச்சாலை மாதிரி. அங்க இருந்து சேர்ச்சுக்கு" என்றான் ரொனி.

"நானும் உன்ட அம்மாவும் அங்க வந்து சாகிறதெண்டா வீட்டில இருந்துதான் போவம். கட்டு மகன்" என்றேன்.

அவன் திரும்பி அந்த நடையை ஒருமுறை பார்த்தான். பிறகு சரி என்றான்.

கட்டப்போகும் வீட்டின் வரைபடம் வந்தபோது நடையை அவனே மாற்றியிருந்தான். எங்கள் அறை வாசலில் இருந்து தெருக்கதவு வரை ஒரே நேர்கோடு. அகலம் நான்கு அடி. அடுக்களை அதனால் சிறுத்துப்போனது என்று றேணுகா குறைப்பட்டாளாம். மம்மியின் முழங்கால் மோசமாகிறது, நாளைக்கு வீல் செயார் வந்தால் திருப்ப வேண்டாமா என்று சமாளித்துவிட்டான். டோரின் அதை உண்மையென்றே நம்பினாள். தேவாலய வாசலில் நின்று அவள் அதைச் சொல்லாத ஆள் இல்லை.

எலுமிச்சை மரத்து வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள். வேலை நடப்பதைப் பார்க்கவென்று இவர்கள் காணிக்குப் பக்கத்தில் வாடகைக்கு மாறினார்கள். ரொனியின் வேலை பழைய இடத்திலேயே இருந்தது. ஒரு களஞ்சியத்தில் இரவு முறை. விடிந்ததும் ஒரு மணித்தியாலம் ஓட்டி வருவான். கட்டட வேலை இழுத்தது. மரம் வரவில்லை, பிறகு மழை, பிறகு ஆள் இல்லை. சுவர்களுக்கான மரச்சட்டங்கள் எழும்பவே பதினொரு மாதம் ஆயிற்று. எழும்பிய அன்று ரொனி கைகளை இடுப்பில் ஊன்றிக்கொண்டு அந்த நடையில் நடந்து காட்டினான். முழங்கை எங்கும் முட்டவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தன.

"நிமிர்த்தத் தேவையில்ல டடி" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

அதற்குப் பதினாறாம் நாள் காலை, வேலை முடிந்து வரும் வழியில் கார் பாதையை விட்டு விலகி மரத்தில் மோதியது. நித்திரையாகியிருப்பான் என்றார்கள்.

அடக்கத்துக்குப் போக எங்களுக்கு விசா நேரத்துக்குக் கிடைக்கவில்லை. முக்குக் கடை முர்ஷித் தன் கணினியைக் கொண்டுவந்து தொலைக்காட்சியில் பொருத்தித் தந்தான். உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவோரம் நின்றான். மெல்பேர்னில் பெட்டியைச் சில்லு வைத்த தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். அகலக் கண்ணாடிக் கதவுகள் தாமாகத் திறந்தன. ஆஸ்பத்திரி, பாலர், சேர்ச். ரொனி சொன்ன வரிசைதான். ஓரிடத்திலும் பெட்டி சரியவில்லை. அதை ஒருவரும் எந்த வீட்டில் இருந்தும் எடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து றேணுகா அந்தச் சட்டங்களுக்கு நடுவில் நின்று எடுத்தாள். தொடர்ந்து கட்டுவதா, அப்படியே விற்பதா என்று கட்டுகிறவர்கள் கேட்கிறார்களாம். டோரின் கைபேசியை என் கையில் இருந்து வாங்கி, தன் அறை எது என்று கேட்டாள். றேணுகா காட்டினாள். டோரின் கட்டில் எங்கே வரும், மாதா சுரூபம் எங்கே வரும் என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மகன் போன பிறகு அவள் ஒன்றை விரும்பி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்போது ஒழுங்கையில் மீன்காரன் மணியடித்தான். அவள் கைபேசியை என்னிடம் தந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"நான் முடிக்கிறன் மாமா" என்றாள் றேணுகா. "எனக்கு இந்தத் தூரத்தில இருக்க ஏலாதுதான். ஆனா மம்மிக்கெண்டுதானே அவர் இந்த நடையை இவ்வளவு அகலமா வச்சவர். அதை எப்பிடி விக்கிறது?"

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. தனியாக, அவ்வளவு தூரத்தில், ஒரு பொய்க்காக அவள் அந்த வீட்டைக் கட்டி முடிக்கப்போகிறாள்.

"அது மம்மிக்கில்ல மகள்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனை, திருப்பத்தை, சத்தத்தை, நான் அளக்கச் சொன்ன முப்பத்துநான்கு அங்குலத்தை. அவளுக்குப் பின்னால், அடுத்த காணியில் யாரோ ஆணியடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த எலுமிச்சை மரத்து வீட்டில இருந்து ஸ்டேஷன் பத்து நிமிஷம் மாமா" என்றாள் கடைசியில். "வேலைக்கு ட்ரெயின்ல போயிருப்பார்."

பிறகு கைபேசியை வைத்துவிட்டாள்.

சட்டங்களோடு அப்படியே விற்றுவிட்டதாகச் செய்தி அனுப்பினாள். வாங்கியவர்கள் யாரென்று எழுதவில்லை. இப்போது நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் எடுக்கிறாள், டோரினோடு மட்டும் கதைக்கிறாள். ஞாயிறுகளில் டோரின் கைபேசிக்குச் சார்ஜ் போட்டு மேசையில் வைக்கிறாள்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னீங்க ரொனிட டடி?" என்று ஒருநாள் கேட்டாள். இன்னமும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். லைன் சரியில்லை, ஒன்றும் விளங்கவில்லை என்றேன்.

போன மாதம் முர்ஷித்தைக் கூப்பிட்டுக் கட்டிலை முன்னறைக்கு மாற்றினேன். கட்டிலில் இருந்து தெருக்கதவுக்கு ஆறு அடி, நேராக. கட்டிலை வைத்தபின் இடமில்லாமல் ரொனியின் படத்தையும் விளக்கையும் சுவரில் மேலே ஏற்ற வேண்டியதாயிற்று. ஏன் இந்த வேலை என்று டோரின் கேட்டாள். உன் முழங்காலுக்காக, நடையில் அலையத் தேவையில்லை என்றேன்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"ரொனியும் இதைத்தான் யோசிச்சவன்" என்றாள்.