மூடாத சிடி

வீட்டு உரிமையாளர் சங்கத் தலைவர் தோர்கில் ஒரு காரியத்தில் கை வைத்தால் காரியம் முடிகிறதோ இல்லையோ, ஒரு குழு அமைந்துவிடும். இந்த முறை அமைந்தது இசைக் குழு. உறுப்பினர்கள் இருவர்: தோர்கில், அவருடைய மடிக்கணினி. விபெக்கெயை யாரும் சேர்க்கவில்லை. ஆனால் குழு கூடியது அவள் சமையலறையில், குடித்தது அவள் காப்பி.

பக்கத்து வீட்டு ஹன்னெவுக்கும் பவுலுக்கும் நாளையோடு திருமணமாகி இருபத்தைந்து வருடம். ஊர் வழக்கப்படி காலை ஆறரைக்குத் தெருவே அவர்கள் வாசலில் திரண்டு, பாட்டுப் பாடி எழுப்ப வேண்டும். வாசலில் நிறுத்த ஊசியிலைத் தழையில் கட்டிய வளைவு விபெக்கெயின் கார் கொட்டகையில் ஒளிந்திருந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு பழைய மெட்டில் பாட்டும் தயார். ஏழு கண்ணி, விபெக்கெ எழுதியது. உண்மையில் அவள் எழுத நினைத்தது நாலாவது கண்ணியை மட்டும்தான். மற்ற ஆறும் அதற்குத் துணை.

பிப்ரவரியில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலிச்செடியை, கேட்காமல் கொள்ளாமல், நாற்பது சென்டிமீட்டர் வெட்டிவிட்டாள் விபெக்கெ. அன்றோடு ஹன்னெ காப்பிக்கு வருவது நின்றது. ஏழு மாதமாகக் காலை வணக்கம் மட்டும். நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்பது விபெக்கெயின் வாய்க்கு வராத வித்தை. மெட்டில் போட்டால் வந்துவிடும் என்று தோன்றியது.

அந்த மெட்டுக்குத்தான் ஆபத்து. அக்கார்டியன் வாசிக்கும் எகோன், வளைவுக்குத் தழை வெட்டப்போய் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். நல்லவேளை, வசந்தகாலத்திலேயே சங்கத்துக்காக ஆறு மெட்டுகளை வாசித்து, வீட்டுப் பதிவுப் பெட்டியில் மூன்று சிடிகள் எழுதி வைத்திருந்தான். அந்த மூன்றையும்தான் தோர்கிலின் மடிக்கணினி ஒன்றன்பின் ஒன்றாகத் துப்பிக்கொண்டிருந்தது.

"சிடியைப் போடவும்னு சொல்லுதே," என்றாள் விபெக்கெ.

"போட்டுத்தானே இருக்கு!"

"அதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அதுகிட்ட சொல்லுங்க."

தோர்கில் கணினியை அணைத்துத் திரும்ப இயக்கினார். மென்பொருளை நீக்கி மறுபடி போட்டார். கண்ணாடி துடைக்கும் துணியால் சிடியைத் துடைத்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் சிறு உரை, பின்னால் சிறு மௌனம். மௌனத்தில் சிடி மட்டும் விர்ரென்று சுற்றி, யோசித்து, நின்றது.

"கவலைப்படாதே. மாற்று ஏற்பாடு இருக்கு," என்று சட்டைப்பையைத் தட்டினார். "ஒரு சின்ன வாழ்த்துரை. பதினாலு பக்கம்."

விபெக்கெ அந்தச் சட்டைப்பையையே பார்த்தாள். பதினோராம் நம்பர் வீட்டின் வெள்ளிவிழாவில் மெட்டில்லாமல் பாடியபோது, பாதித் தெரு முடித்த பிறகும் மீதித் தெரு இரண்டு வரி பாக்கி வைத்திருந்தது. கண்ணியைக் கைவிட்டுத் தோர்கில் பேச ஆரம்பித்தார். அந்தத் தம்பதி இரவு உடையிலேயே இருபத்திரண்டு நிமிடம் நடுங்கினார்கள். நாளைக்கும் அதே கதி என்றால் நாலாவது கண்ணி வரவே வராது.

அவள் அலமாரியிலிருந்து கடையில் வாங்கிய கிறிஸ்துமஸ் சிடி ஒன்றை எடுத்துச் செருகினாள். செப்டம்பர் மாதச் சமையலறையில் சிறுமிகள் பனியைப் பற்றிப் பாடினார்கள்.

"உங்க கணினிக்குக் காது நல்லாத்தான் இருக்கு, தலைவரே. எகோன் சிடிதான் ஏதோ."

கையில் கட்டோடு எகோன் வந்து சேர்ந்தான். "எங்க வீட்டுல ஜோரா பாடுது. மூணுமே."

"எந்தப் பெட்டியில?"

"பதிவு பண்ணின அதே பெட்டியில."

"வேற எதுலயாவது போட்டுப் பாத்தியா?"

"வேற எதுக்குப் பாக்கணும்? என் பெட்டி நல்ல பெட்டி."

"எழுதினவனே படிச்சா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். எழுதி முடிச்சதும் கடைசியா என்ன பண்ணின?"

எகோன் மோவாயைச் சொறிந்தான். "ஒண்ணும் பண்ணல. முடிச்சாச்சு, மூடு அப்படின்னு ஒரு பொத்தான் இருக்கு. அதைத்தான் அமுக்கல."

"ஏன்?"

"அமுக்கினா அப்புறம் பாட்டுச் சேக்க முடியாது. அமுக்கலேன்னா வேற பெட்டி எதுவும் படிக்காதுன்னு புத்தகத்துல போட்டிருந்துச்சு. நான் சொன்னேன். இவர்தான் கேக்கல." கட்டுப்போட்ட கையாலேயே தலைவரைக் காட்டினான். "பாதி சிடி காலியாக் கிடக்கு, வீணாக்கக் கூடாது, டிசம்பர்ல கிறிஸ்துமஸ் பாட்டுச் சேத்துக்கலாம்னு தீர்மானம் போட்டாரு. ஏகமனதா."

"எத்தனை பேரு வந்திருந்தாங்க அந்தக் கூட்டத்துக்கு?"

"இவரும் நானும்."

தோர்கில் காப்பிக் கோப்பையின் அடியில் ஏதோ தேடினார். "நீண்டகால நோக்கோட எடுத்த முடிவு அது," என்றார்.

"எகோன், போய் அந்தப் பொத்தானை அமுக்கு."

"சங்கத் தீர்மானத்தை மாத்தணும்னா முதல்ல..." என்று ஆரம்பித்தார் தலைவர்.

"போடான்னா!"

எகோன் ஒரு சிடியை எடுத்துக்கொண்டு போனான். மூடுவதற்கு நாலு நிமிடம் ஆகும் என்றிருந்தான். விபெக்கெ அடுப்புக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோர்கில் உரையை எடுத்து ஒன்பதாம் பக்கத்தில் எதையோ சேர்த்தார். எட்டாவது நிமிடத்தில் எகோன் புல்வெளியைக் குறுக்கே மிதித்துக்கொண்டு ஓடிவந்தான்.

சிடி உள்ளே போனது. விர்ரென்றது. நின்றது. விபெக்கெ கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி விர்ரென்றது.

அக்கார்டியன் ஒரு பெருமூச்சு விட்டுப் பாட ஆரம்பித்தது. அவளும் ஒன்று விட்டாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பாத்தியா?" என்றார் தோர்கில். "நான் திரும்பப் போட்ட மென்பொருள் இப்பத்தான் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு."

விபெக்கெ ஒலியைக் கூட்டினாள்.

காலை ஆறரைக்கு வளைவு நின்றது, கணினி பாடியது, தெரு மெட்டைப் பிடித்துக்கொண்டு போனது. கலைந்த தலையோடு ஹன்னெ வாசலில் நின்று சிரித்தாள். நாலாவது கண்ணி வந்தது. கத்தரி கையில் இருந்தால் புத்தி கையில் இருக்காது, வெட்டியது செடி, குட்டையானது நான் என்று தெரு மொத்தமும் பாடியது. விபெக்கெ மட்டும் பாடவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழாவது கண்ணி முடிந்த மறுநொடி ஹன்னெ, "எல்லாரும் உள்ள வாங்க, காப்பி சூடா இருக்கு!" என்று கூவினாள். தோர்கிலின் கை சட்டைப்பைக்குப் பாதி வழி போய்த் திரும்பியது.

கூட்டம் நகர்ந்தது. ஹன்னெ விபெக்கெயின் முழங்கையைப் பிடித்தாள்.

"செடி இன்னும் முப்பது சென்டிமீட்டர் வளரணும்."

"தெரியும்."

"அதுவரைக்கும் உன் சமையலறை நல்லாத் தெரியுது. நேத்து மூணு பேரும் என்னடி பண்ணிக்கிட்டிருந்தீங்க? அந்த ஆளு சிடியைத் துடைச்சுத் துடைச்சு... உள்ள வா, சொல்லு."