பெயர் மாற்றப்பட்டுள்ளது

இசக்கிசெல்வி படித்த பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்க இரண்டு வேலை முடித்தாக வேண்டும். ஒன்று, ஆய்வேடு எழுதுவது. இரண்டாவது, வாய்மொழித் தேர்வன்று வந்தவர்களுக்கெல்லாம் சாயாவும் கட்லெட்டும் வாங்கித் தருவது. முதலாவதை அவள் ஐந்து வருஷத்தில் முடித்துவிட்டாள். இரண்டாவதுக்கு நாற்பது கட்லெட் சொல்லி வைத்திருந்தாள்.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். ரோட்டில் போகிறவர்கூட உள்ளே வந்து உட்கார்ந்து கேள்வி கேட்கலாம் என்பது விதி. இதுவரை ரோட்டில் போகிற யாரும் கேட்டதில்லை. துறை மாணவர்களே கட்லெட் வருகிற நேரம் பார்த்துத்தான் உள்ளே வருவார்கள். ஆனால் இசக்கிக்கு ஆசை. தான் யாரைப் பற்றி எழுதினாளோ அவர்கள் வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று நகரத்தின் ஓரத்தில், கழக்கூட்டத்தில் சித்தாட்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கே போய் அழைத்துவிட்டு வந்தாள்.

மலையாள நகரத்தில் மண் சுமக்கும் தமிழ்ப் பெண்கள், அவர்களுடைய இனம், பண்பாடு, பாலினம். இதுதான் ஆய்வு. ஏன் இந்தத் தலைப்பு என்று யாராவது கேட்டால் பெரிய பெரிய பதிலெல்லாம் வைத்திருந்தாள். உண்மையான பதில், அவள் அம்மாவும் ஒரு சித்தாள், அவள் வளர்ந்ததும் அதே லைன் வீட்டில், அவளுக்கு வேறு யாரையும் அவ்வளவாகத் தெரியாது.

ஆய்வேட்டின் உயிர் நான்காம் அத்தியாயம். 1999இல் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் கட்டிடம் எழும்பியபோது பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை. ஒருநாள் காலையில் எலிசாள் என்ற சித்தாள் தலையிலிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கக்கூஸ் கட்டும்வரை மண் சுமக்க மாட்டேன் என்று மணல் குவியல்மேல் ஏறி உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துப் பதினொரு பெண்கள் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் கான்ட்ராக்டர் தகரம் அடித்துக் கக்கூஸ் கட்டினார். அடுத்த வாரம் எலிசாளை வேலையை விட்டு நிறுத்தினார். எலிசாள் இதையெல்லாம் சொல்லச் சொல்ல இசக்கி நான்கு கேசட் நிறையப் பதிவு செய்தாள்.

வழிகாட்டிப் பேராசிரியை பத்மஜா வலியசாலை அக்ரகாரத்துக்காரர். ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். "பேரை மாத்திடு, இசக்கி. நாம எழுதிட்டுப் போயிடுவோம். நாளைக்கு ஏதாவதுன்னா கஷ்டம் அவாளுக்குத்தானே?" நியாயம்தானே! மூன்றாம் அத்தியாயத்தில் பெயர் மறைப்பின் அவசியம் பற்றி இசக்கி இரண்டு பக்கம் எழுதினாள். எலிசாளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நூலகத்தில் உட்கார்ந்து யோசித்தபோது சட்டென்று ஒரு பெயர் வந்தது. பூமாரி. அடடா, மண்ணுக்கேற்ற பெயர் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

அந்தப் பெயர் வானத்திலிருந்து குதிக்கவில்லை. லைன் வீட்டுப் பைப்படியில் தினமும் காலையில் "ஏ பூமாரி, குடத்த எடுடீ" என்று எழும் சத்தம் சின்ன வயதிலிருந்தே அவள் காதில் ஊறிக் கிடந்தது. அந்தப் பூமாரியும் சித்தாள்தான். அதே கட்டிடத்தில் வேலை பார்த்தவள்தான். எலிசாள் மணல்மேல் உட்கார்ந்தபோது உட்காராமல் மண் சுமந்தவள். பேட்டி கேட்டுப் போன இசக்கியை, "எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல, போ" என்று திருப்பி அனுப்பியவள். படித்த பிள்ளைக்கு இத்தனையும் மறந்து போயிருந்தது.

நினைவுக்கு வந்தது தேர்வன்று, முதல் தாளைப் புரொஜெக்டரில் வைத்த நொடியில். இரண்டாம் வரிசையில் எலிசாளும், பக்கத்து நாற்காலியில் பூமாரியும் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் வேலைக்குப் போகாமல், பெட்டியிலிருந்து எடுத்த சேலையில் வந்திருந்தார்கள்.

இந்தத் தேர்வில் தேறாவிட்டால் ஐந்து வருஷமும் பாழ். இசக்கி இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். பூமாரி என்று வருகிற இடத்திலெல்லாம் 'அந்தப் பெண்', 'அந்தத் தொழிலாளி' என்று சொல்லி வழுக்கிக்கொண்டு போனாள். மதுரையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நெல்லையப்பன் விடுகிற ஆள் இல்லை.

"எந்தப் பெண்? பூமாரியா?"

"ஆமா சார்."

"அப்ப பூமாரின்னே சொல்லுங்களேன்."

அதன்பிறகு சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவை பெயர் விழும்போதும் பூமாரி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். முதலில் பயந்தாள், பிறகு லேசாகச் சிரித்தாள், பிறகு பின்வரிசைக்குத் தன் முகம் தெரியட்டும் என்று கொஞ்சம் திரும்பியே உட்கார்ந்தாள். எலிசாளின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

நெல்லையப்பன் கடைசியில் வழக்கம்போல், சடங்குக்காகத்தான், சபையைப் பார்த்துக் கேட்டார். "பொதுமக்கள் யாருக்காவது கேள்வி உண்டா?"

கட்லெட் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் எலிசாள் எழுந்து நின்றாள்.

"சாறே, எனக்கு ஒரு காரியம் கேக்கணும். இங்கிலீசு எனக்கு அறியாது. ஆனா கழக்கூட்டம்னு கேட்டுது. கான்ட்ராக்டர்னு கேட்டுது. டாய்லெட்டுன்னு கேட்டுது. பொறவு பூமாரி, பூமாரின்னு கேட்டுது. அங்க முதல்ல மணலுமேல ஏறி உக்காந்தது ஆரு? நீயே சொல்லு மோளே."

பத்மஜா குனிந்து இசக்கியின் காதில் சொன்னார்: "ஒண்ணும் ஒத்துக்காதே. எல்லாம் மாத்தின பேரு, யாருன்னு சொல்ல முடியாதுன்னுட்டு உக்காந்துடு."

அதுதான் முறையான பதில். அதைச் சொன்னால் மூன்றாம் அத்தியாயம் பிழைக்கும், பட்டமும் பிழைக்கும். நாற்பது பேர் முன்னால் எலிசாள் மட்டும் பொய்க்காரியாக உட்காருவாள். இசக்கி அந்தப் பதிலை மனசுக்குள் இங்கிலீஷில் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. நிமிர்ந்து எலிசாளைப் பார்த்தாள். அவ்வளவுதான், இங்கிலீஷ் போன இடம் தெரியவில்லை.

"நீங்கதான் அத்தை."

பத்மஜா கண்ணை மூடிக்கொண்டார். நெல்லையப்பன் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப ஏம்மா பேரை மறைச்சீங்க?"

"பாதுகாப்புக்கு சார். அவங்களுக்கு எந்தத் தொந்தரவும் வரக் கூடாதுன்னு..."

"ஆருகிட்டேருந்து பாதுகாப்பு?" என்றாள் எலிசாள். குரலில் கோபம்கூட இல்லை. "கான்ட்ராக்டருக்கு என் பேரு தெரியும். எலிசாள், நாளைலேருந்து வராதேன்னு பேரச் சொல்லித்தான் அனுப்பினான். எம் பேரு தெரியாதது உன் புஸ்தகத்துக்கு மட்டுந்தான்."

இசக்கிக்குத் தலை நிமிரவில்லை. நெல்லையப்பனும் பத்மஜாவும் தலையைத் தலையோடு சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். அந்த நேரம் ஐந்து வருஷத்தைவிட நீளமாக இருந்தது. கடைசியில் நெல்லையப்பன் சொன்னார்:

"பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம். ஆனா மூன்றாம், நான்காம் அத்தியாயங்களைத் திருத்தி ஒரு மாசத்துக்குள்ள தரணும். இந்தம்மா சம்மதிச்சா, அவங்க பேரே இருக்கட்டும். என்னம்மா, சம்மதமா?"

"போடட்டும் சாறே. பெருசாவே போடட்டும்." எலிசாள் உட்காரப் போனவள் மறுபடி நிமிர்ந்தாள். "மத்தவளுவ பேரு?"

இசக்கி நான்காம் அத்தியாயத்தைப் புரட்டினாள். ஆய்வேட்டில் 'பதினொரு பெண்கள்' என்றுதான் இருந்தது. அவர்கள் பெயரை அவள் மறைக்கவில்லை. கேட்கவே இல்லை. இப்போதுதான் அவளுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. பட்டம் கிடைத்த சந்தோஷம்கூட அந்த வெட்கத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. நோட்டை எடுத்தாள்.

எலிசாள் விரல்விட்டுச் சொன்னாள். சுயம்புகனி, ரோசம்மாள், பேச்சித்தாய், தங்கபாய்... இசக்கி எழுதிக்கொண்டே வந்தாள். பதினொன்றும் முடிந்ததும் பூமாரி மெதுவாக எழுந்து வாசல் பக்கம் நகரப் பார்த்தாள். அவள் முகம் சிறுத்துப் போயிருந்தது. எலிசாள் அவள் கையை எட்டிப் பிடித்தாள்.

"இவளயும் எழுது. இவ உக்காரல. அத அப்படியே எழுது. ஆனா கக்கூஸ் தொறந்த அன்னைக்கு ஒரு கொடம் தண்ணி சொமந்துட்டு வந்து எங்க நடுவுல வச்சது இவதான்."

"தண்ணியா?" இசக்கிக்குப் புரியவில்லை.

"ஆமா, தண்ணி. கக்கூஸ் இல்லாத எடத்துல எவளாவது தண்ணி குடிப்பாளா மோளே? ஏழு மாசம் அந்த வெயில்ல வெறுந்தொண்டையோட மண்ணு சொமந்தோம். அன்னைக்குத்தான் வயிறு நெறயக் குடிச்சோம்."

இருநூற்று எழுபது பக்கத்தில் இது ஒரு வரிகூட இல்லை. நான்கு கேசட்டிலும் இல்லை. இசக்கி மேடையிலிருந்து இறங்கி வந்து, இரண்டாம் வரிசையில் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"பூமாரி அக்கா, முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள்.