மாட்டு ஆவி

எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும் என்பது ஆம்பூர் முழுக்கத் தெரியும். அன்று அந்தக் கோபம் ஒரு பாடப்புத்தகத்தின் மேல்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷம். மிஷன் பெண்கள் பள்ளியில் எனக்குத் தற்காலிக வேலை. பள்ளி இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் அன்று வகுப்பில் உட்கார்ந்து நான் பாடம் நடத்துவதைப் பார்ப்பார். அவர் சரி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் திமிரியில் அண்ணன் வீடுதான். அண்ணி காலால் இட்டதைத் தலையால் செய்யவேண்டும். அதற்குப் பாலாற்றில் இறங்கிவிடலாம், ஆனால் அதில் தண்ணீர் இருந்தால்தானே.

பாடம், மழை எப்படி உண்டாகிறது என்பது. ஊர் அறிந்த உதாரணமாக இருக்கட்டும் என்று தோல் பதனிடுவதிலிருந்து தொடங்கினேன்.

“தோல்ஷாப்புல ஈரத்தோலைக் காயப்போடுறாங்க. வெயில்ல காஞ்சிடுது. அதுல இருந்த தண்ணி இன்னா ஆச்சு?”

புத்தகத்தில் இருந்தபடி நானே சொன்னேன். “ஆவியா மேல போய்டுச்சு.”

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். “அந்த ஆவி எங்க போகும்? யாராவது சொல்லுங்க, பாக்கலாம்.”

உபதேசியார் மகள் கிரேஸி எழுந்தாள். “பரலோகத்துக்குங்க ஐயா.”

“நல்ல ஆவிதான் அங்க போகும்,” என்றாள் பக்கத்திலிருந்த பூவம்மாள். “கெட்டது புளியமரத்துக்குப் போய்டும்.”

அவ்வளவுதான், அமிர்தவள்ளி அழத் தொடங்கினாள். அவள் வீட்டுக்குப் பின்னால்தான் தோல் காயப்போடும் மைதானம். “அத்தினி மாட்டோட ஆவியும் எங்க ஊட்டாண்டதான் சுத்துதா டீச்சரம்மா?”

வகுப்பே மிரண்டது. இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போச்சு, எல்லாம் போச்சு. செத்த மாட்டுக்கும் காய்கிற தண்ணீருக்கும் ஒரே சொல்லை எழுதி வைத்த மகராசன் என் கையில் கிடைத்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். புத்தகத்தை மூடி வைத்தேன்.

“அமிர்தவள்ளி, உங்கம்மா சோறாக்குறப்போ மூடியை எடுத்தா, மூடிக்கு அடியில இன்னா இருக்கும்?”

அவள் மூக்கை உறிஞ்சினாள். “தண்ணி.”

“பானைத் தண்ணி மூடிக்கு எப்படிப் போச்சு?”

“ஆவியா.”

“அதைப் பாத்து அழுவியா?”

“அது சோத்து ஆவி. அதுக்கு ஏன் அழணும்?”

“தோல்லருந்து போறதும் அதே மாதிரி தண்ணிதான்டி. வெயில்ல மெதுவா போவுது, கண்ணுக்குத் தெரியல. மேல போய்க் குளுந்தா மேகம். ஜாஸ்தியா சேந்தா மழை. மாடு அதுல இல்லவே இல்ல.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். “தோலுக்கு அவ்ளோ உப்பு போடுறாங்களே. அப்போ மழை ஏன் உப்புக் கரிக்கல?”

இது புத்தகத்திலேயே இல்லாத கேள்வி. நான் வாயெடுப்பதற்குள் கிரேஸி முந்திக்கொண்டாள். “உப்பு தோல்லயே நின்னுடும்டி. உப்புத்தண்ணி சுண்டினா சட்டியில உப்பு ஒட்டிக்கல? தண்ணி மட்டுந்தான் ஏறும்.”

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார்.

“பொன்மலரம்மா, இனிமே ‘நீராவி’ன்னு முழுசா சொல்லுங்க. பாவம், மாட்டை விட்டுடுங்க,” என்று எழுந்தார். “வேலை உங்களுக்குத்தான்.”

“சரிங்க ஐயா,” என்றேன். அவர் தலை மறைந்ததும் அமிர்தவள்ளியை இழுத்து உச்சந்தலையில் முத்தமிட்டேன். என்னிடம் திட்டு மட்டுமே வாங்கிப் பழகியவள், மறுபடியும் மிரண்டுபோனாள்.

அன்றைக்கே திமிரிக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். “அண்ணா, நான் அங்கே வரவில்லை. அண்ணியை மிகவும் கேட்டதாகச் சொல்லவும்.”