ஏழு தட்டல்

எதையும் மறைக்க வேண்டாம் என்றார் ஹேமநாதன். ஒன்றை மட்டும் மறைத்தே ஆகவேண்டும் என்றாள் மோகனப்ரியா.

திருத்தணி பைபாஸில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது அவர்களுடைய அலுவலகம். விசைத்தறிக்கு மாட்டும் சிறிய பெட்டி ஒன்றை இருவரும் சேர்ந்து செய்து, ஆர்.கே.பேட்டையில் நாற்பது தறிகளில் பொருத்தியிருந்தார்கள். அறுந்த நூலை முடிய யாராவது கையை உள்ளே விட்டால், பெட்டியிலிருக்கும் சென்சார் தறியை நிறுத்திவிடும். பெட்டியின் புரோகிராமை வரி வரியாக ஓட்டிப் பிழை தேட அவள் டீபக்கர் என்றொரு செயலி எழுதியிருந்தாள். அதைத் தறிக்காரர்களின் போனிலும் கொடுத்துவிடலாம் என்பது ஹேமநாதனின் யோசனை. அதில் மொத்தம் பதினெட்டு செட்டிங்.

"எதுக்கெடுத்தாலும் எனக்குப் போன் பண்றாங்கம்மா. எல்லாத்தையும் தொறந்து வுடு, அவங்களே பாத்துக்கட்டும்."

"பதினேழு தொறக்கறேண்ணா. 'கைக்காவல் வேண்டாம்'னு ஒண்ணு இருக்குதில்ல, அது மட்டும் வேணாம். மேசைமேல டெஸ்ட் பண்ண நான் வெச்சது. அதப் போட்டா கை உள்ள போனாலும் தறி நிக்காது."

"அப்ப எடுத்துடேன்."

எடுத்திருக்கலாம். ஆனால் வாரத்துக்கு ஒரு முறையாவது அது அவளுக்குத் தேவைப்பட்டது. தனக்கென்று தனியாக ஒரு பதிப்பு வைத்துக்கொள்ள அலுப்பு. திரையில் தெரியாமல் மறைத்துவிட்டு, பதிப்பு எண்ணை ஏழு முறை தட்டினால் மட்டும் வரும்படி செய்தாள். ஹேமநாதனுக்கும் சொல்லி வைத்தாள்.

இரண்டு மாதம் போயிற்று. எந்த செட்டிங்கை யார் எப்போது தொடுகிறார்கள் என்ற பதிவை ஆடிக் கிருத்திகை அன்று காலையில் எடுத்துப் பார்த்தாள். பதினோரு தறிகளில் கைக்காவல் இல்லை. ஒன்றில் மூன்று வாரமாகவே இல்லை.

"அண்ணா, ஏழு தட்டல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

ஹேமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆர்.கே.பேட்ட ஆனந்தன்கிட்ட மட்டும்தான். சென்சார்ல பஞ்சு ஒட்டிக்கினு சும்மா சும்மா தறி நின்னுபோவுதுன்னு ஒரே புலம்பல். ஒரு நாளைக்கு மட்டும் போட்டுக்கன்னுதான் சொன்னேன். அவரு மத்தவங்களுக்கும் சொல்லிட்டாரு போல."

அந்த செட்டிங்கை அடியோடு எடுத்துவிட்டுப் புதிய பதிப்பை அனுப்ப அவளுக்கு ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. ஒன்பது தறிகள் ஏற்றுக்கொண்டன. இரண்டில் நெட் இல்லை. ஒன்று ஆனந்தனுடையது, மற்றொன்று தணிகைமணியுடையது. இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றிப் போன் செய்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. தறிச் சத்தத்தில் எவர் காதிலும் விழாது என்று அவளுக்குத் தெரியும்.

ஆர்.கே.பேட்டைக்கு அவள் ஏறிய டவுன் பஸ், காவடிக் கூட்டத்தைக் கடந்து ஊரைவிட்டு வெளியே வரவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கையிலிருந்த போனை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். பதினொன்றில் ஒன்பது. அதற்குமேல் அசையவில்லை.

ஆர்.கே.பேட்டையில் எல்லாத் தறிக்கூடமும் இரைந்துகொண்டிருந்தது. ஆனந்தனுடையதில் மட்டும் சத்தம் இல்லை. அங்கே தறி ஓட்டும் ஜெயம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வலது கையைத் துண்டால் சுற்றி மடியில் வைத்திருந்தாள். துண்டின் நிறம் என்னவென்று சொல்ல முடியவில்லை.

"ஆட்டோக்குப் போயிருக்காரு மொதலாளி" என்றாள். "ரெண்டு வெரலும்மா."

மோகனப்ரியா அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"முன்னல்லாம் கைய வெச்சா தானா நின்னுடும். இப்ப கொஞ்ச நாளா நிக்கறதில்ல. மிஷினுக்கு நம்ம கை பழகிப்போச்சுன்னு நெனச்சேன்."

"பழகலக்கா. நிக்காம பண்றதுக்கு நான்தான் வழி வெச்சேன்."

ஜெயம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். புரிந்ததா புரியவில்லையா என்று தெரியவில்லை. ஆட்டோ வந்தது. ஆனந்தன் மோகனப்ரியாவின் முகத்தைப் பார்க்காமலே ஜெயம்மாவை ஏற்றிக்கொண்டு போனார்.

ஹேமநாதன் போன் செய்தார். குரல் தணிந்திருந்தது. "ஆனந்தன் சொன்னாரு. அந்தப் பதிவு இருக்குதில்ல, யார் எப்ப போட்டாங்கன்னு... அத அழிச்சிடும்மா. யாருக்கும் நல்லதில்ல."

"அழிக்க மாட்டேண்ணா. ஜெயம்மாவுக்கு அது வேணும்."

போனை வைத்துவிட்டு அடுத்த தெருவுக்கு ஓடினாள். தணிகைமணியின் கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் குனிந்து, அறுந்த நூலைத் தேடி உள்ளே கையை நீட்டினாள். மோகனப்ரியா கத்தினாள். இரைச்சலில் யாரும் திரும்பவில்லை. சுவரோரம் இருந்த மெயின் சுவிட்சை எட்டிப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

எல்லாம் நின்றது. "யாரும்மா நீ?" என்று கேட்டபடியே நிமிர்ந்தாள் அந்தப் பெண். அவளுடைய பத்து விரல்களையும் எண்ணிவிட்டுத்தான் மோகனப்ரியா வாய் திறந்தாள்.