இருபதாவது பெயர்

வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு கண்டெய்னர் பனியன் அனுப்பிவிடலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் இருபது பேரை மூன்று நாள் மலை முகாமுக்கு அனுப்புவதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஏற்றுமதிக் கம்பெனியில் பதினாறு வருஷமாக டாக்குமென்ட் வேலை பார்க்கும் மகுடேஸ்வரனுக்கே முகாம் அனுமதி இணையதளம் நாலு நாளாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

போட்டோ நூறு கேபிக்குள் இருக்க வேண்டும். பள்ளி அடையாள அட்டை இருநூறு கேபிக்குள். பெற்றோர் சம்மதக் கடிதம் பிடிஎஃப்பில்தான் வேண்டும். வேறு எதில் ஏற்றினாலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். கடைசியில் மொத்தத்தையும் அழித்துவிட்டு முதல் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். இதை வடிவமைத்த மகராசன் தன் பிள்ளையை ஒரு தடவையாவது வெளியூர் அனுப்பியிருப்பானா என்பது சந்தேகம்தான்.

இந்த வேலை மகுடேஸ்வரன் தலையில் விழுந்தது மகனால். பொங்கலூர் பக்கத்துப் பள்ளியில் தரணி ஆறாம் வகுப்பில் சாரணர் படையில் சேர்ந்தான். அப்போது சாரண ஆசிரியர் ஆரோக்கியராஜ், "நீங்க எக்ஸ்போர்ட் டாக்குமென்டே போடுதீங்க சார், இது என்ன பெரிய விசயமா?" என்று சிரித்துக்கொண்டே தலையில் கட்டிவிட்டார். அன்றிலிருந்து முகாம், மலையேற்றம், சைக்கிள் பயணம் எல்லாவற்றுக்கும் காகித வேலை இவருடையதுதான்.

போன கார்த்திகையில் தரணி டெங்குக் காய்ச்சலில் போய்விட்டான். ஐந்தே நாள். பதின்மூன்று வயது.

அதற்கப்புறமும் படையின் வாட்ஸப் குழுவில் மகுடேஸ்வரன் இருந்தார். எடுத்துவிட ஆசிரியருக்கு மனசு வரவில்லை. விலக வேண்டுமென்று இவருக்குத் தோன்றவில்லை. மே மாத முகாமுக்குப் படிவங்கள் வந்து விழுந்தன, இவர் பாட்டுக்குப் போட ஆரம்பித்தார்.

அவருக்கு எதுவுமே தோன்றாமல்தான் இருந்தது. காரியம் முடிந்த நாலாம் நாளே கம்பெனிக்குப் போனவர். பசித்தால் சாப்பிட்டார், படுத்தால் தூங்கினார். "சொட்டுக் கண்ணீர் உடலையே, என்ன மனுசன்!" என்று சொந்தக்காரர்கள் அவர் காது படவே பேசினார்கள். அதற்கும் அவருக்குக் கோபம் வரவில்லை. விஷயம் தெரியாதவர்கள் பையனைப் பற்றி விசாரித்தால் மனைவிதான் பதில் சொன்னாள். செத்துப்போனான் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. மூன்றரைக்கு ஆரோக்கியராஜ் போன் செய்தார்.

"சார், ஜெயபாண்டி வரலியாம். ஊர்ல கோயில் கொடைன்னு அவங்க அப்பா அம்மா கூட்டிட்டுக் கெளம்பிட்டாங்க. இருபதுக்குக் கொறஞ்சா எடுக்காதுல்லா?"

"எடுக்காதுங்க."

"பத்தொம்பது பிள்ளைகளும் பையக் கட்டி வச்சிட்டு நிக்காங்க சார். நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போயிச் சொல்ல?"

"பாக்கறனுங்க," என்று மகுடேஸ்வரன் போனை வைத்தார்.

திருப்பூரில் ஆயிரம் பீஸ் ஆர்டருக்கு ஆயிரம் மட்டும் வெட்டுகிற ஏமாளி கிடையாது. ஐம்பது சேர்த்துத்தான் வெட்டுவார்கள். ஓட்டை, கறை, தையல் பிசகு என்று எது கழிந்தாலும் அந்தக் கூடுதலிலிருந்து எடுத்துப் பெட்டியை நிரப்பிவிடலாம். பெட்டி ஒரு பீஸ் குறைவாகப் போகக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். மகுடேஸ்வரனுக்கு அது யோசித்துச் செய்கிற காரியமில்லை. கை அதன் போக்கில் போகும்.

கை போயிற்று. கம்ப்யூட்டரில் தரணி பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. போட்டோ, அடையாள அட்டை எல்லாம் போன வருஷமே சரியான அளவுக்குச் சுருக்கி வைத்தவை. ஆதார் எண்ணைப் பார்க்காமலே அடித்தார். பிறந்த தேதியைப் போட்டதும் இணையதளம் தானாகவே வயதைக் கணக்கிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் காட்டியது. பதினான்கு.

அதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சம்மதக் கடிதத்தை பிரின்ட் எடுத்தார். 'என் மகன் இம்முகாமில் கலந்துகொள்ள முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.' கையெழுத்துப் போட்டு, தன் செல் நம்பரை எழுதி, ஸ்கேன் செய்து ஏற்றினார். உள்ளே ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து மேஜைக்காரர் டீ வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டும் என்றார்.

ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஆரோக்கியராஜிடம், "போட்டுட்டனுங்க. அங்க போயி ஒருத்தன் வரலைன்னு சொல்லிக்கலாம்," என்றார். யார் பெயர் என்று ஆசிரியர் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவரும் இல்லை, அத்தனை சந்தோஷம்.

ஒரு பெற்றோர் துணைக்கு வர வேண்டும் என்பது விதி. விண்ணப்பித்தவர் என்று இவர் பெயரே அனுமதியில் வந்துவிட்டது. முகாமன்று அவரும் வேன் ஏறினார்.

உடுமலையைத் தாண்டி மலையடிவாரத்துச் சோதனைச்சாவடியில் வேன் நின்றது. தவறான தகவல் கொடுத்தால் குழு முழுவதும் திருப்பி அனுப்பப்படும் என்று பெரிய எழுத்தில் பலகை வைத்திருந்தார்கள். வனத்துறைக் காவலர் வெள்ளியங்கிரி ஐம்பது வயதுக்காரர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிடப் பிள்ளைகள் கை தூக்கிவிட்டுக் குறுக்குக் கம்புக்குப் பக்கத்தில் போய் வரிசையில் நின்றார்கள்.

"தரணி."

அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள். ஆரோக்கியராஜ் திரும்பி மகுடேஸ்வரனைப் பார்த்தார்.

"தரணி யாருங்க?"

"வரலீங்க," என்றார் மகுடேஸ்வரன். "காய்ச்சலுங்க."

"அவங்கப்பனக் கேட்டுப் போட்டுத்தான் உடோணுங்க. நாளைக்கு ஒருத்தனக் காணோம்னா என் தலைதான் உருளும்." காவலர் பட்டியலில் இருந்த நம்பரைத் தன் போனில் அழுத்தினார்.

மகுடேஸ்வரனின் சட்டைப் பையில் மணி அடித்தது.

வெள்ளியங்கிரி பட்டியலைப் பார்த்தார், பையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "ஏனுங்க, நீங்கதான் அப்பனுங்களா?"

"ஆமாங்க."

"புள்ளையக் காய்ச்சல்ல போட்டுப்போட்டு ஊரான் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு மலையேற வந்துட்டீங்ளா? நல்ல அப்பனுங்க நீங்க!" என்று உண்மையாகவே கடிந்துகொண்டார். பிறகு குரலைத் தணித்து, "இப்ப எப்படி இருக்கறான்?" என்றார்.

பரவாயில்லீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்தொன்பது பேரும் மலை ஏறிவிடுவார்கள். மகுடேஸ்வரன் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் இந்த ஆறு மாதத்தில் தரணி எப்படி இருக்கிறான் என்று யாருமே அவரை நேராகக் கேட்டதில்லை. இந்த மனுசன் அக்கறையாய்க் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"செத்துட்டானுங்க," என்றார் மகுடேஸ்வரன். "கார்த்திகையிலயே செத்துட்டானுங்க. ஆளு பத்தலைன்னு நாந்தானுங்க அவன் பேரப் போட்டுட்டேன். வாத்தியாருக்குத் தெரியாதுங்க. இந்தப் புள்ளைகளத் திருப்பி அனுப்பிப் போடாதீங்க."

சொல்லி முடிப்பதற்குள் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு, அவர் வீட்டில் அன்றைக்கு எல்லோரும் அழுத அழுகையை இன்றைக்குத் தனியாக அழுதார்.

வெள்ளியங்கிரி பதிவேட்டில் பத்தொன்பது என்று எழுதினார். வந்து குறுக்குக் கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "போங்க கண்ணுகளா, வெயில் ஏறுது," என்றார்.

ஒரு பிள்ளையும் நகரவில்லை. முதுகில் பையோடு, தரணியின் அப்பா அழுது முடிக்கிறவரைக்கும் பத்தொன்பது பேரும் அங்கேயே நின்றார்கள்.