பதினாறும் ஐந்தும்

விஜயஸ்ரீக்குக் கிடைத்த எண் பதினாறு. மூட்டுவலிக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரையைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த பதினான்கு ஆய்வுகளைத் திரட்டி, எல்லாவற்றையும் ஒரே கணக்காகச் சேர்த்திருந்தாள். வலியை நூறு புள்ளியில் அளந்தால், மருந்தில்லாத மாத்திரையைவிட இது பதினாறு புள்ளி கூடுதலாகக் குறைக்கிறது. திருநெல்வேலிக்கு எலும்பு மருத்துவராக வந்த மூன்று வருடத்தில் இப்படியொரு முடிவு அவள் கைக்கு வந்ததில்லை. துறைத் தலைவர் சிவசண்முகம், "மதுரை மாநாட்டுக்கு இதையே அனுப்பிரும்மா" என்று சொல்லிவிட்டார்.

சரிபார்ப்பதற்காக அதே பதினான்கு ஆய்வுகளைப் புள்ளியியலாளர் தாஜ் முகம்மதுவும் தனியாகப் போட்டுப் பார்த்தார். அவருக்கு வந்தது ஐந்து.

விஜயஸ்ரீ மடிக்கணினியோடு அவர் அறைக்கே போய்விட்டாள். "எங்கயோ தப்பு விட்டுட்டீங்க சார்."

"இருக்கும் மேடம். உக்காருங்க, பைய ஒவ்வொண்ணா பாத்துருவோம்."

மத்தியானம் முழுக்கப் பார்த்தார்கள். கணக்கில் பிழையே இல்லை. பல ஆய்வுகள் வலியை இரண்டு வாரத்திலும் மூன்று மாதத்திலும் அளந்திருந்தன. அவள் முதலாவதை எடுத்திருந்தாள், அவர் கடைசியை. தான் விழுங்குவது எந்த மாத்திரை என்று நோயாளிக்கே தெரிந்திருந்த நான்கு சின்ன ஆய்வுகளை அவள் சேர்த்திருந்தாள், அவர் விட்டிருந்தார்.

"ரெண்டு வாரத்த ஏன் எடுத்தீங்க?"

"வலின்னு வாரவங்க மூணு மாசம் காத்துக்கிட்டா இருப்பாங்க?"

"ரெண்டு வாரத்துல தீருத வலியா மேடம் அது?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உள்ளுக்குள் அவளுக்குச் சுருக்கென்றது. பதினாறு வரும் என்று தெரிந்து அவள் எதையும் எடுக்கவில்லைதான். வந்த பிறகு, வேறு மாதிரியும் போட்டுப் பார்ப்போமே என்று தோன்றவுமில்லை.

நான்கு விதமாகவும் போட்டார்கள். இரண்டு வாரத்தில் பதினாறு. அந்தச் சின்ன ஆய்வுகளை விட்டால் பதினொன்று. மூன்று மாதத்தில் எட்டு. அவற்றை விட்டால் ஐந்து. எதற்காக எதை எடுத்தோம் என்ற விவரத்தோடு நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி, மறுநாள் தலைவரிடம் நீட்டினாள்.

அவர் இருமுறை வாசித்தார். "வெறும் பதினாறுன்னா கைதட்டுவாங்க. இதுக்குக் கேள்வியால்லா கேப்பாங்க?"

"கேக்கட்டும் சார்."

"சரி, அனுப்பு." காகிதத்தை இன்னொரு முறை பார்த்தார். "நானே இந்த மாத்திரைய ஆறு மாசத்துக்கு எழுதிக் குடுத்துக்கிட்டுல்லா இருக்கேன். முதல்ல அத மாத்தணும்."

திங்கட்கிழமை வெளிநோயாளிப் பிரிவில் விஜயஸ்ரீயிடம் முதல் ஆளாக வந்தவள் பேட்டை உலகம்மாள். ஐந்து மாதமாக அதே மாத்திரை.

"இனி தெனமும் வேண்டாம்மா. வலி கூடுனா மட்டும் ரெண்டு வாரம் போடுங்க. காலுக்கு ஒரு பயிற்சி சொல்லித் தாரேன்."

"நல்லதாப் போச்சு தாயி," என்றாள் உலகம்மாள். "அத முழுங்குன நாள்லேருந்து வயிறு ஒரே எரிச்சலு."

விஜயஸ்ரீ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, காலை நீட்டிக் காட்டினாள்.