சொந்தக் காரணம்

விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் அந்த மீன்வடைத் தொழிற்சாலையில் எண்ணெய் கொதிக்கத் தொடங்கிவிடும். பூசான் துறைமுகத்தின் ஐஸ் காற்று கதவிடுக்கில் சீறும். உறைந்த மீன் பாளங்களை இரும்புக் கொக்கியால் இழுத்து அரவை எந்திரத்தில் தள்ளுவது கும்ரேயின் வேலை. பாளம் ஒன்று இருபது கிலோ. இரட்டைக் கையுறை போட்டாலும் ஐந்து மணிக்குள் விரல்கள் மரத்துப்போகும். எதிரே கொப்பரையடியில் நிற்கும் ஓக்சிமுக்கு முகம் வெந்து சிவந்திருக்கும்.

“உன் குளிர்ல கொஞ்சம் எனக்குக் குடுடி. என் சூட்டை நீ வச்சுக்கோ” என்பாள் அவள்.

பதினோரு வருடம் இப்படிப் போயிற்று. அந்த வருடக் கோடையில் வேலை நேரத்தைக் குறைத்தார்கள், கூலியும் குறைந்தது. இலையுதிர்காலத்தில் மேலாளர் பியோ கும்ரே, ஓக்சிம் உட்பட ஆறு பெண்களைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்தார். அரவைப் பகுதியையும் கொப்பரைப் பகுதியையும் மூடப்போவதாகச் சொல்லி, பிரிவுப் பரிசாக ஆளுக்கொரு டின்மீன் பெட்டியைப் பட்டுத்துணியில் கட்டிக் கொடுத்தார்.

“ராஜினாமாக் கடிதம் ஒண்ணு வேணும். சும்மா ஒரு சம்பிரதாயம். ‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’னு வழக்கம்போல எழுதிடுங்க.”

அங்கே எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். விரட்டப்படுகிறவர்கூட, முதலாளி முகம் கோணக்கூடாதென்று அந்த வரியை எழுதிவிட்டு, குனிந்து வணங்கி வெளியேறுவார்.

கும்ரே பைபிள் முழுவதையும் கையால் எழுதிச் சர்ச்சில் வைத்தவள். பியோவுக்கு அது தெரியும். “அக்கா எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குமே. மத்தவங்களுக்கும் நீங்களே எழுதிக் குடுங்களேன்.”

பேனா பிடித்துப் பழகாத தோழிகளுக்கு இது ஓர் உதவி என்றே நினைத்தாள். ஆறு கடிதங்களையும் அழகாக எழுதினாள். கையெழுத்துக்குப் பதிலாக அவரவர் தம் பெயர் முத்திரையைப் பதித்தார்கள்.

கும்ரே உதவித்தொகை கேட்டுப் போனபோது, வேலைவாய்ப்பு மையத்தில் இருந்த இளம்பெண் கணினியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நீங்களாவே விலகினதா கம்பெனி சொல்லியிருக்கும்மா. வேலை போனா ஒன்பது மாசம் தர்ற உதவித்தொகை, தானா விட்டவங்களுக்குக் கிடையாது.”

“பதினோரு வருசமா அதுக்குன்னு சம்பளத்துல சந்தா பிடிச்சாங்களே?”

“பிடிச்சாங்க. ஆனா இந்தக் கடிதம் உங்க எழுத்துதானே?” கம்பெனி அனுப்பியிருந்த மற்ற ஐந்தையும் அவள் புரட்டினாள். “இதுங்களும் அதே எழுத்தா இருக்கே.”

கும்ரே ஆறு கடிதங்களையும் பார்த்தாள். தன் ஒன்பது மாதச் சோறு மட்டுமல்ல, ஆறு வீட்டுச் சோறும் போயிற்று. அதை எழுதியது அவள் கை.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். “கம்பெனிதான் வேலையை விட்டு அனுப்பிச்சுன்னு, இன்னும் அங்க வேலை பாக்குற யாராச்சும் எழுதிக் குடுத்தா, விசாரிக்கச் சொல்லி மனு போடலாம். கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது.” மனுத்தாளில் கையெழுத்திட வேண்டிய இடங்களை வட்டமிட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் விடியலில் கும்ரே தொழிற்சாலை வாசலில் நின்றாள்.

“நீங்க அனுப்பினதா மாத்தி எழுதுங்க, ஐயா.”

“ஆளை அனுப்பினோம்னு எழுதினா, ஆளைக் குறைக்காம இருக்கறதுக்குத் தர்ற அரசாங்க மானியம் நின்னுடும். உங்க ஆறு பேருக்காக அதை விடணுமா?” பியோ சிரித்தார். “நான் ஒரு எழுத்தும் எழுதலையே அக்கா. சர்ச்சுக்குப் போறவங்க நீங்க. பொய் எழுதினேன்னு ஆபீஸ்ல போய்ச் சொல்வீங்களா?”

“சொல்வேன், திங்கக்கிழமை போய்ச் சொல்வேன். பொய்தான் எழுதினேன். நீங்க சொல்லி எழுதினேன்.”

சிரிப்பு நின்றது. உள்ளே பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: “யாராச்சும் சாட்சி சொல்லப் போனா, அவங்களும் சொந்தக் காரணத்தாலதான் போவாங்க.”

பெட்டிகளுக்கிடையே பில்சூன் தலையைக் குனிந்துகொண்டாள். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு அவள் ஒருத்தியின் கூலிதான்.

ஓக்சிம் வீட்டில் மற்ற ஐந்து பேரும் கூலிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். கும்ரே அவர்கள் முன் மண்டியிட்டாள்.

“உங்க சோத்துல மண்ணைப் போட்டது என் கை.”

“எந்திரிடி. முட்டி தேஞ்சா அதுக்கும் உதவித்தொகை கிடையாது” என்றாள் ஓக்சிம். “எழுதினது நீ. முத்திரை குத்தினது நான். எனக்குக் கண்ணு இல்லையா?” பூண்டுத் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். “சாட்சி இருக்கோ இல்லையோ, திங்கக்கிழமை ஆறு பேரும் போறோம்.”

திங்களன்று மையத்தில் நாற்பத்தேழாம் எண்ணைக் கூப்பிட்டபோது ஆறு பேரும் எழுந்தார்கள்.

“ஒருத்தர் மட்டும் வாங்க” என்றாள் அந்தப் பெண்.

“விரட்டினது ஒண்ணாத்தானே, தாயி” என்றாள் ஓக்சிம்.

அவள் மறுக்கவில்லை. நாற்காலிகளை இழுத்துப் போட்டு நெருக்கி உட்கார்ந்தார்கள். மனுவின் முதல் பக்கம் முடியும் நேரத்தில் கதவு திறந்தது. தலையில் வலைத்தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ். பெட்டி ஒட்டிய பசை விரல்களில் காயாமலே பில்சூன் வந்து நின்றாள்.

“நீங்க யாரு?”

“அந்தக் கம்பெனியில வேலை பாக்குறவ.” சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “இன்னைக்குக் காலை வரைக்கும்.”

கும்ரே ஒதுங்கி, தன் நாற்காலியில் பாதியை அவளுக்கு விட்டாள்.